வீட்டில் யார் பேச்சு செல்லும்?
தெற்கு புளோரிடாவில் ஒரு கால்பந்துப் பயணம்

மியாமி நகரின் லிட்டில் ஹவானா பகுதியில், கியூபாக்காரர்களின் சிறிய வீடுகளுக்கு நடுவே, திறந்து மூடும் கூரை கொண்ட பேஸ்பால் அரங்கம் ஒன்று இருக்கிறது. 2012இல் திறந்தார்கள். அதற்கு முன் எழுபது ஆண்டுகள் அங்கே நின்றது ஆரஞ்சு பௌல் என்ற கால்பந்து அரங்கம். 2008இல் அதை இடித்துவிட்டார்கள். தெருமுனைக் கடையில் ஜன்னல் வழியாகக் காபி கொடுக்கிறார்கள். விரல் உயரக் கோப்பை, சர்க்கரை தூக்கல். ஆட்ட நாட்களில் வீட்டு முற்றத்தில் கார் நிறுத்த இடம் விட்டுக் காசு பார்த்த காலத்தை அங்கே நிற்கும் பெரியவர்கள் இன்னும் ஆசையோடு பேசுகிறார்கள்.

1984 ஜனவரி 2 இரவு, இந்த மண்ணில்தான் மியாமிப் பல்கலைக்கழக அணி முதன்முறை தேசியச் சாம்பியன் ஆனது. எதிரே நின்றது அந்த ஆண்டு தோல்வியே காணாத நெப்ராஸ்கா. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. இரண்டு புள்ளிகளுக்காக நெப்ராஸ்கா வீசிய பந்தை மியாமி வீரர் ஒருவர் விரல்நுனியால் தட்டிவிட்டார். 31க்கு 30. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரைபடமே அந்த ஒரு தட்டில் மாறியது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

அந்த வெற்றி ஆடுகளத்தில் தொடங்கவில்லை, சில வீடுகளின் வரவேற்பறையில் தொடங்கியது என்பது என் எண்ணம். பள்ளிப் பையன்களைத் தங்கள் கல்லூரிக்கு வரச்சொல்லிப் பயிற்சியாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு எந்த வீட்டில் எடுபடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்க்கத்தான் ஓர் இலையுதிர்காலத்தில் தெற்கு புளோரிடாவுக்குப் போனேன்.

அமெரிக்காவில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, முட்டி மோதி, எதிரணியின் எல்லைக்குள் புகும் ஆட்டம். தொழில்முறை அணிகளில் சேர ஏறத்தாழ ஒரே வாசல் கல்லூரி. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். கல்லூரி அணிகளில் இடம் கிடைப்பது நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான். பெரிய கல்லூரிகளின் வாசல் அதைவிடக் குறுகல். அந்த வாசலைத் திறப்பவர் பயிற்சியாளர். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளருக்கு. அவ்வளவு பெரிய மனிதர் பதினேழு வயதுப் பையனின் வீட்டுப் படியேறி, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் பாட்டி பரிமாறுவதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்.

ஹோவர்ட் ஷ்னெல்லன்பர்கர் 1979இல் மியாமிக்கு வந்தபோது பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கடற்கரை ஊரின் செலவுமிக்க தனியார் பல்கலைக்கழகம், பாதிக்குமேல் காலியான அரங்கம், பணமில்லை. அலபாமாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பேர் பிரையன்ட்டிடம் பாடம் கற்றவர் அவர். 1972இல் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற மியாமி டால்ஃபின்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். தடித்த மீசை, வாயில் பைப், குறையில்லாத கோட். நாடு முழுக்க ஆள் தேடி அலையப் பணமில்லாத நிலையில் அவர் வரைபடத்தை எடுத்து நெடுஞ்சாலை நான்குக்குத் தெற்கே உள்ளதையெல்லாம் 'மியாமி மாநிலம்' என்றார். அந்த எல்லைக்குள் பிறந்த நல்ல ஆட்டக்காரன் எவனும் வெளியே போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

அதுவரை புளோரிடாவின் சிறந்த பையன்களைக் கெய்ன்ஸ்வில், டல்லஹாசி ஊர்ப் பல்கலைக்கழகங்களும் வெளிமாநிலங்களும் அள்ளிக்கொண்டு போயின. மியாமியில் பிறந்தவர்களை மியாமியிலேயே தேடலாம் என்பது இன்று சாதாரண யோசனையாகத் தெரியும். அன்று அதற்கு ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது. ஏன் என்பது லிபர்ட்டி சிட்டிக்குப் போனால் விளங்கும்.

லிபர்ட்டி சிட்டியில் 12ஆம் நிழற்சாலை ஓரமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய சுவரின் மிச்சம் இருக்கிறது. 1937இல் கறுப்பின மக்களுக்காக லிபர்ட்டி ஸ்கொயர் குடியிருப்பைத் திறந்தபோது, எதிர்ப்பக்கம் குடியிருந்த வெள்ளையர்களிடமிருந்து அவர்களைப் பிரிக்க எழுப்பிய சுவர். தெரியாதவர்கள் ஏதோ தோட்டத் தடுப்பு என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அதன்மேல் கை வைத்து நின்றேன். வெயிலில் சூடேறியிருந்தது. பக்கத்திலேயே பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிய அடுக்ககங்கள் எழுகின்றன. சில தெரு தள்ளி, 71ஆம் தெருவில் மியாமி நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளி. நீலமும் பொன்னிறமும் பூசிய பள்ளி. இந்த நாட்டின் கால்பந்தில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்தத் தெருப் பையன்களுக்கு மியாமிப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் சொந்த ஊர்க் கல்லூரியாக இருக்கவில்லை. ரே பெல்லமி என்ற கறுப்பின மாணவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கால்பந்து உதவித்தொகை கொடுத்தது 1966 டிசம்பரில்தான். ஆழ்தெற்கின் பெரிய கல்லூரிகளில் அதுவே முதல். அதற்கு முந்தைய தலைமுறைத் திறமையெல்லாம் டல்லஹாசியின் புளோரிடா ஏ அண்ட் எம், டேடோனா பீச்சின் பெத்யூன் குக்மன் போன்ற கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போனது. ஓவர்டவுனில் வளர்ந்து, பின்னாளில் டால்ஃபின்ஸ் அணியின் தூணாக நின்ற லாரி லிட்டில் படித்தது பெத்யூன் குக்மனில். தன் ஊர்க் கல்லூரி அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

1980 மே மாதம் இந்தத் தெருக்கள் எரிந்தன. ஆர்தர் மெக்டஃபி என்ற காப்பீட்டு முகவரை, முன்னாள் மரைன் படை வீரரை, போலீஸ்காரர்கள் அடித்துக் கொன்ற வழக்கில் எல்லோரும் விடுதலையானார்கள். கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். வெள்ளையர்கள் காரை இந்தப் பக்கம் திருப்பவே அஞ்சிய அந்த ஆண்டுகளில்தான் ஷ்னெல்லன்பர்கரும் அவருடைய உதவியாளர்களும் இங்கே கதவு தட்டினார்கள். "உங்கள் பையன் எங்களுக்கு வேண்டும், அவன் ஆடுவதை நீங்கள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து பார்க்கலாம்" என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த பேச்சின் சாரம். அந்தத் தாய்மார்கள் கேட்டது ஒரு விளையாட்டு அழைப்பு மட்டுமில்லை. பூட்டியே இருந்த கதவொன்று தன் பிள்ளைக்காகத் திறக்கும் ஓசையும் அதில் இருந்தது. நார்த்வெஸ்டர்னின் மெல்வின் பிராட்டன், கொலம்பஸ் பள்ளியின் அலோன்சோ ஹைஸ்மித் போன்ற உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படிச் சேர்ந்தார்கள். ஆரஞ்சு பௌல் இரவு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை டிராஸ் பவல் அரங்கத்துக்குப் போனேன். மியாமி டேட் கல்லூரியின் வடக்கு வளாகத்தில் இருக்கிறது. பள்ளிகளும் நிறத்தால் பிரிந்திருந்த காலத்தில் கறுப்பினப் பள்ளி அணிகளை உருவாக்கிப் புகழ்பெற்ற பயிற்சியாளரின் பெயர் அதற்கு. கம்பி வேலிக்கு வெளியே பொரித்த மீனின் மணம், உள்ளே பேண்டு வாத்தியம். தோளில் தங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அண்ணன்கள், பெஞ்சில் ஏறி நின்று கத்தும் பாட்டிகள்.

என் கண் எல்லைக்கோட்டின் ஓரத்துக்குப் போனது. அங்கே நாலைந்து ஆண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். மார்பில் கல்லூரிச் சின்னம் பொறித்த அரைக்கைச் சட்டை, கையில் கைபேசி. யாரும் கைதட்டவில்லை. ஆட்டம் தொடங்குமுன் பையன்கள் உடம்பைச் சூடேற்றும்போதே வந்துவிட்டார்கள். ஒருவன் எப்படி ஓடுகிறான் என்பதோடு, தவறவிட்ட பந்துக்குப் பிறகு தோழனிடம் எப்படிப் பேசுகிறான், பயிற்சியாளர் திட்டும்போது தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையெல்லாம் பார்க்கிறார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ ஆண்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பருவம் மதிப்பிடும் காலம். வந்து பார்க்கலாம், பையனோடு உட்கார்ந்து பேசக்கூடாது. வீட்டுக்குப் போய்ப் பேசும் காலம் பள்ளி ஆட்டங்கள் முடிந்தபின் வருகிறது. அலபாமாவின் அன்றைய பயிற்சியாளர் நிக் சேபன் போன்றவர்கள் நேரில் வந்து நின்றாலே பள்ளி முழுக்கப் பரபரப்பாகிவிடுகிறது என்று, தலைமைப் பயிற்சியாளர்கள் வசந்தகாலத்தில் பள்ளிகளுக்குப் போவதையே 2008இல் தடுத்தார்கள்.

பேச முடியாத இடத்தில் நிற்பதே பேச்சாகிவிடுகிறது. முன்வரிசையில் ஆடிய பையன் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் எழுந்து, ஒரு கணம் அந்த ஓரத்தைப் பார்த்தான். எந்தச் சட்டை வந்திருக்கிறது, எந்தச் சட்டை போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். நானூறு மைல் கடந்து வந்த உதவிப் பயிற்சியாளர், மழையிலும் கடைசி விசில்வரை நின்றால், அது அவன் வீட்டில் மறுநாள் காலைப் பேச்சாகும்.

இடைவேளையில் வேறொரு பள்ளியின் பயிற்சியாளரோடு பேசக் கிடைத்தது. இருபது ஆண்டுக்கு மேல் பள்ளிப் பையன்களோடு கழித்தவர். கல்லூரிக்காரர்கள் தொலைபேசியில் முதலில் என்ன கேட்பார்கள் என்று கேட்டேன்.

"உயரம், எடை, ஓட்டம் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீடியோவும் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டில் யார் பேச்சு செல்லும்?"

அவர் விளக்கினார். சில வீட்டில் அம்மா. சில வீட்டில் பாட்டி. அப்பா சிறையில் இருக்கும் வீட்டில் மாமா. ஆறு வயதில் பந்தைக் கையில் கொடுத்த பூங்காப் பயிற்சியாளர்தான் சில பையன்களுக்கு எல்லாம். லிபர்ட்டி சிட்டியில் ராப் பாடகர் லூதர் கேம்பல் துணையோடு 1990இல் தொடங்கிய ஆப்டிமிஸ்ட் கழகம் போன்றவை சின்னஞ்சிறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே கிடைத்த அண்ணன்களின் சொல் பத்து ஆண்டு கழித்தும் செல்லும். திறமையான ஆள்சேர்ப்பாளர் பையனிடம் பத்து நிமிடம் பேசினால் அந்தச் 'செல்லும் ஆளிடம்' ஒரு மணி நேரம் பேசுவார். பிறந்தநாளுக்கு வாழ்த்துவார். தேவாலயத்தில் பின் வரிசையில் உட்காருவார். சம்பந்தம் பேச வந்தவர்கள் முற்றத்தில் விளையாடும் குழந்தையின் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல.

பிறகு கல்லூரியைப் பார்க்க அழைப்பார்கள். முறைப்படியான வருகை என்றால் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் கல்லூரிச் செலவு, குடும்பத்துக்கும் சேர்த்து. அணியின் சீருடையை மாட்டிப் படம் எடுப்பார்கள். உடைமாற்றும் அறையில் அவன் பெயர் எழுதிய அலமாரி காத்திருக்கும். பையன் மயங்குவது அங்கே. அம்மா பார்ப்பது வேறு: தனிப்பாடம் சொல்லித்தரும் அறை, மருத்துவர், விடுதிக் கதவின் பூட்டு. உள்ளூர்க் கல்லூரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. எந்தச் சனிக்கிழமையும் பையன் நண்பர்களோடு வந்து போகலாம். பழகிய இடம் மெல்லத் தன் இடமாகிவிடும்.

பக்கத்துப் படியில் ஓர் அம்மா. மகனின் எண் அச்சிட்ட சட்டை. அவனுக்குப் பல கல்லூரிகளிலிருந்து அழைப்பு. யாரை நம்புவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்றேன்.

"வருகிறவர்கள் எல்லாரும் என் பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்று எனக்கே சொல்கிறார்கள். அவனைத் துரத்திப் பிடித்து வளர்த்தவள் நான். அவன் முட்டி உடைந்தால் அடுத்த நாள் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். அப்போதுதான் ஆள் யார் என்று தெரியும்."

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. இந்தப் பக்கத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்காத கோடை இல்லை. "வீட்டுப் பக்கத்திலேயே ஆடட்டும், நீங்கள் கண்ணால் பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனம் குளிர்கிறது. "இங்கிருந்து எட்டு மணி நேரத் தொலைவில் பத்திரமாக இருப்பான்" என்று இன்னொருவர் சொல்லும்போதும் குளிர்கிறது. ஒரே தாயின் அன்பைத்தான் இரண்டு பேரும் தொடுகிறார்கள். உள்ளூர்ப் பயிற்சியாளர்களுக்கு இதுதான் பெரிய சவால் என்று அன்று புரிந்தது. 'சொந்த ஊர்' என்பது சிலருக்கு வேர், சிலருக்குத் தப்பிக்க வேண்டிய இடம். பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

சொந்த ஊர்ப் பேச்சு பெரிதாக எடுபட்ட ஆண்டும் உண்டு. இதே பகுதியில் வளர்ந்த ராண்டி ஷானன் மியாமியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது, 2007இல் தோல்வியே காணாத நார்த்வெஸ்டர்ன் அணியிலிருந்து எட்டுப் பையன்கள் ஒன்றாக 2008இல் மியாமியில் கையெழுத்திட்டார்கள். ஊரே கொண்டாடியது. 2010 நவம்பரில் ஷானனை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவரை நம்பி மியாமிக்கு வருவதாகச் சொல்லியிருந்த நார்த்வெஸ்டர்ன் மாணவர் டெடி பிரிட்ஜ்வாட்டர் மனம் மாறி லூயிவில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பையன் நம்பியது ஒரு மனிதரை. கல்லூரியின் பெயர் அந்த மனிதரின் சட்டையில் இருந்தது, அவ்வளவுதான்.

மியாமியின் இன்றைய பயிற்சியாளர் மாரியோ கிறிஸ்டோபல் இந்த ஊர்ப் பிள்ளை. கியூபாவிலிருந்து வந்த குடும்பம், கொலம்பஸ் பள்ளி, பிறகு மியாமி அணி. சேபனிடம் ஆள்சேர்ப்பில் தேறி, ஓரிகனில் தலைமை வகித்து, 2021 டிசம்பரில் வீடு திரும்பினார். உள்ளூர் வீடுகளில் அவர் அளவுக்கு உரிமையோடு பேசக்கூடியவர்கள் குறைவு. ஆனாலும் யாரை அழைப்பது என்ற கணிப்பு எவருக்கும் தவறலாம். அதே கொலம்பஸ் பள்ளியில் படித்த ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு ஊர்க் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. கலிபோர்னியா போனார், பிறகு இந்தியானா. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான 2025இன் ஹெய்ஸ்மன் விருதை வென்றார். 2026 ஜனவரியில், மியாமியின் சொந்த அரங்கத்தில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில், மியாமியை இந்தியானா வென்றது.

இப்போது வரவேற்பறைப் பேச்சில் பணம் வெளிப்படையாக வந்துவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி டாலர்வரை தரலாம். 1964 முதல் பையன்கள் கையெழுத்திட்டுவந்த தேசிய ஒப்புதல் கடிதம் 2024இல் நின்றுபோனது. இடமாற்ற விதியும் தளர்ந்துவிட்டது. பயிற்சியாளர் போனால் பையனும் போகலாம். பல பத்தாண்டுகள் இவர்கள் உழைப்பில் அரங்கங்கள் நிரம்பியபோது இவர்களுக்குக் கிடைத்தது படிப்பும் சாப்பாடும்தான். அதனால் இந்தப் பணத்தை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளிப் பயிற்சியாளர் கவலையோடு சொன்னது வேறு: "முன்பு அம்மாக்கள் எந்தப் படிப்பு என்று கேட்பார்கள். இப்போது வீட்டுக்கு ஏஜென்ட் வந்து உட்காருகிறார். அவர் எழுந்து போவதற்குள் படிப்புப் பேச்சுக்கு நேரமில்லாமல் போகிறது."

மியாமியிலிருந்து 27ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே திரும்பினால் நகரம் சட்டென்று முடிகிறது. ஒரு பக்கம் கரை, அதையொட்டிக் கால்வாய், அடுத்துக் கண்ணுக்கெட்டியவரை எவர்கிளேட்ஸின் கோரைப்புல். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. பிறகு புல்லின் பச்சை மாறிக் கரும்பின் பச்சை வருகிறது. சௌத் பே தாண்டி பெல் கிளேட். ஒக்கிசோபி ஏரியின் தென்கரை. மண் கறுப்போ கறுப்பு. சதுப்பை வடித்து எடுத்த மக்கிய மண். இந்தப் பகுதிக்கே 'மக்' என்று பெயர். 'இவள் மண்ணே இவள் செல்வம்' என்பது பெல் கிளேட் நகரின் வாசகம்.

அறுவடைக் காலம். வெட்டுமுன் சோகையைத் தீவைத்து எரிக்கிறார்கள். தொலைவில் புகை தூண்போல எழுந்து, சாம்பல் கருஞ்செதிலாகக் கார் கண்ணாடியில் இறங்கியது. தீ சூழ்ந்ததும் உள்ளே பதுங்கிய முயல்கள் நாலாபக்கமும் பாயும். வெளியே காத்திருக்கும் பையன்கள் வெறுங்கையோடு துரத்திப் பிடிப்பார்கள். வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சத்தை விற்பார்கள். இந்த ஊர்களிலிருந்து தொழில்முறைக் கால்பந்துக்குப் போனவர்கள் டஜன் கணக்கில். பக்கத்து ஊரான பஹோக்கியின் ரிக்கி ஜாக்சன், ஆன்குவான் போல்டின், பெல் கிளேடின் பிரெட் டெய்லர், 2009 சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் சான்டோனியோ ஹோம்ஸ். முயல் துரத்தியதால் வந்த கால்கள் என்று நாடு முழுக்கப் பேசுகிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பள்ளி விட்டு வந்த பிள்ளை இறைச்சிக்காகத் தீயின் ஓரம் நிற்கும் நிலையும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. 1960இல் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ பண்ணைத் தொழிலாளர்களின் அவலத்தைத் தொலைக்காட்சியில் காட்டியபோது கேமரா நின்ற ஊர்களில் பெல் கிளேடும் ஒன்று. கரும்பை ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள் வெட்டினார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன, வேலை குறைந்தது.

ஊரின் ஓரத்தில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே 1924இல் அடிப்பாறைவரை ஒன்பது அடிக் கான்கிரீட் தூண் ஒன்றை இறக்கினார்கள். தலை தரைமட்டத்தில் இருந்தது. நீரை வடித்ததால் மக்கிய மண் காற்றுப்பட்டுக் கரைந்து, இன்று தூண் ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. நூறு ஆண்டில் அவ்வளவு மண் போயிருக்கிறது. எடுத்துக்கொண்டே இருந்தவர்கள் திருப்பிப் போட்டது குறைவு. இந்த ஊர்களுக்குக் கால்பந்து ஆள்சேர்ப்பாளர்கள் வந்துபோகும் விதத்தைக் கேட்டபோது இந்தத் தூண்தான் எனக்கு அளவுகோலாகத் தோன்றியது.

பஹோக்கியில் ஏரிக்கரைமேல் ஏறினேன். 1928 புயலில் பழைய கரை உடைந்து இரண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல் செத்த பிறகு எழுப்பிய பெருங்கரை இது. அங்கே காற்று வாங்க வந்த பெரியவர் ஒருவர் தானும் ஒரு காலத்தில் ஆடியவர். பெல் கிளேடுக்கும் பஹோக்கிக்கும் ஆண்டுதோறும் நடக்கும் மக் பௌல் ஆட்டத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இந்த ஊரே காலியாகிவிடும் என்றார். அன்று எல்லைக்கோட்டின் ஓரத்தில் எல்லாப் பெரிய கல்லூரியின் சட்டையும் நிற்கும்.

"கூட்டிப்போக வண்டி வந்துகொண்டேதான் இருக்கிறது" என்றார். "இங்கே எவரும் 'ஊரிலேயே இரு' என்று சொல்ல முடியாது. பக்கத்தில் பெரிய கல்லூரி இல்லை. எல்லாருமே 'வெளியே வா' என்றுதான் சொல்கிறார்கள். பெயர் வாங்கியவனை டிவியில் பார்க்கிறோம். இரண்டாம் ஆண்டில் காலொடிந்து, பாடத்திலும் தவறி, ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவனை இந்தக் கரைமேல் பார்க்கிறோம். அவனைக் கூட்டிப்போனவர் அதற்குள் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார்."

திரும்பி வந்து ஊருக்குக் கை கொடுத்தவர்களும் உண்டு. தொழில்முறை ஆட்டம் முடித்த ஜெஸ்ஸி ஹெஸ்டர் பெல் கிளேடுக்கே வந்து தான் படித்த கிளேட்ஸ் சென்ட்ரல் பள்ளி அணியைப் பயிற்றுவித்தார். போல்டின் தன் அறக்கட்டளை வழியாக இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறார். ஆட்டக்காரர்கள் திருப்பித் தருகிறார்கள். அவர்களைக் கொண்டுபோன பல்கலைக்கழகங்களிடமும் அதைக் கேட்க இந்த ஊருக்கு உரிமை இருக்கிறது.

நல்ல வாக்கு எப்படியிருக்கும் என்பதற்கு இந்தக் கவுண்டியிலேயே ஒரு சான்று உண்டு. கரும்புக்காட்டிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் பாய்ன்டன் பீச். அங்குள்ள பள்ளியில் படித்த லமார் ஜாக்சனின் வேகத்தைப் பார்த்த பலர், அவரை வேறு இடத்தில் ஆடவைக்கவே விரும்பினார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம்தான் வேண்டும் என்பதில் அவருடைய தாய் உறுதியாக நின்றார். லூயிவில் அந்த வாக்கைத் தாயிடம் கொடுத்தது, காப்பாற்றியது. 2016இல் லமார் ஹெய்ஸ்மன் விருதை வென்றார். பளபளப்பான பேச்சு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தாய் ஒரு தெளிவான கேள்வி கேட்டார், அதற்குத் தெளிவான பதில் கிடைத்தது.

ஷ்னெல்லன்பர்கர் இளைஞராக இருந்தபோது, 1961இல், பென்சில்வேனியாவின் எஃகு ஊரான பீவர் ஃபால்ஸில் ஜோ நேமத் என்ற பள்ளி ஆட்டக்காரரை அலபாமாவுக்கு அழைக்கப் போனார். கைப்பணம் கரையும்வரை பல நாள் அங்கேயே தங்கினார் என்பது அவரே சொல்லிவந்த கதை. கடைசியில் மகனின் பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பியவர் நேமத்தின் தாய். மியாமியிலும் அவர் அதே பாதையில்தான் நடந்தார். அவர் திறந்த கதவு சாதாரணமானதில்லை. ஆனால் ஆரஞ்சு பௌல் வெற்றி கிடைத்த சில மாதங்களில் ஒரு புதிய தொழில்முறை அணியை நம்பி மியாமியைவிட்டு அவர் போனார். அந்த அணி மியாமிக்கு வந்துசேரவே இல்லை. லிபர்ட்டி சிட்டியின் தாய்மார்கள் நம்பிய மனிதர் போய்விட்டார், அவர்கள் பிள்ளைகள் இருந்தார்கள். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. பயிற்சியாளர் வேலை அப்படிப்பட்டது. வெற்றி வந்தால் அவர்களே போகிறார்கள், தோல்வி வந்தால் மற்றவர்கள் அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால்தான் ஒரு மனிதர் சோபாவில் உட்கார்ந்து கொடுக்கும் வாக்கு அவரோடு போய்விடக்கூடாது என்று நினைக்கிறேன். அதைக் கல்லூரி எழுத்தில் கொடுக்க வேண்டும். காயம் பட்டாலும் பட்டம்வரை படிப்புச் செலவு, ஆட்டம் முடிந்து திரும்பி வந்தாலும் விட்ட பாடத்தை முடிக்க இடம். இந்த ஊரிலிருந்து முன்பு அழைத்துப்போன பையன்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்ற கணக்கையும் கூட்டிப்போக வருகிறவர் கையோடு கொண்டுவந்து அம்மாவிடம் காட்ட வேண்டும். கோப்பைகளை அரங்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பஹோக்கியிலும் லிபர்ட்டி சிட்டியிலும் ஒரு பயிற்சியாளரின் பெயர் நிற்க வேண்டுமானால், அவர் அழைத்துப்போன கடைசிப் பையன்வரை, ஆடி வென்றவனும் ஆடாமல் உட்கார்ந்தவனும், படித்து முடித்தவனாக ஊர் திரும்ப வேண்டும். வீட்டில் யார் பேச்சு செல்லும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள், அந்த அம்மாவின் முதல் கேள்விக்குப் பதிலையும் தயாராகக் கொண்டு வரட்டும்.